பொத்தானை அமுக்காத பகல்

ஆடியில் எந்த நல்ல காரியமும் கிடையாது என்பதால் என் ஆபரேஷனுக்கு ஆடியை ஒதுக்கினார்கள். யார் ஒதுக்கினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் கணவர் காலண்டரைப் பார்த்தார், அவருடைய தம்பி தலையை ஆட்டினார், எனக்குத் தேதி வந்தது. ஆவணிக் கடைசியில் மகள் கல்யாணம். நடுவில் இருக்கிற நாட்களுக்குள் நான் தேறி எழுந்து, ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்து, சேலை எடுத்து, மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வயிறு மட்டும் என்னுடையது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருக்கிறேன். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, அங்கே போய் இறங்கி, நாள் முழுக்க வாய்தா எழுதுவது என் வேலை. வக்கீலுக்குக் காய்ச்சல், சாட்சி ஊரில் இல்லை, கட்சிக்காரர் வீட்டில் துக்கம், எதிர்க்கட்சி அவகாசம் கேட்கிறது. கேட்டவருக்கெல்லாம் அடுத்த தேதி கிடைக்கும். கேட்க வாய் வராதவருக்குத்தான் வழக்கு அன்றைக்கே முடிந்துபோகும். இதை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கர்ப்பப்பையில் கட்டிகள் இருப்பது தெரிந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கும் நானே வாய்தா போட்டுக்கொண்டு வந்தேன். முதலில் மகளின் படிப்பு, அப்புறம் அவள் கிருஷ்ணன்கோவில் காலேஜ் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தது, அப்புறம் மாப்பிள்ளை பார்த்தது. ரத்தம் போய்ப் போய், ஒரு நாள் பஸ் படியில் ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டர் என் பையைப் பிடித்தாரே தவிர என்னைப் பிடிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பை முன்னால் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி பிடித்து உட்கார வைத்தாள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனிமேல் தள்ளிப்போட இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

அப்போது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கல்யாணத்தைத் தைக்கு மாற்ற வேண்டும். ஆவணி, புரட்டாசி என்று மார்கழிவரை வீட்டில் கிடந்து, சாப்பிட்டு, தூங்கி, உடம்பில் ரத்தம் ஊறி, ஒரு மனுஷியாக எழுந்து நின்று என் பிள்ளை கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். என் கணவரிடம் ஒரு தடவை சொன்னேன். அவர் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிறவர். ஆஸ்பத்திரிகளோடு பழக்கம் உண்டு, ஆகவே வைத்தியமும் தெரியும் என்று நினைப்பு.

“மாப்பிள்ளைக்கு ஆவணிலதான் லீவு சாங்ஷன் ஆயிருக்கு. பட்டாளத்துல நாம நெனச்ச நேரத்துக்கா லீவு குடுப்பாக? நம்மளா எப்படித் தள்ளி வைக்கச் சொல்றது? பொண்ணு வீடு நாம,” என்றார்.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே என்னைவிட யோசனையுள்ளவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, எனக்குச் சம்பந்தியம்மா, தானாகவே போனில் சொல்லிவிட்டார். “மொதல்ல ஆபரேசன் நல்லபடியா முடியட்டும். நாங்க வந்து மதினியைப் பார்க்கோம். அவிய இருக்கற இருப்பைப் பாத்துட்டு ஆவணியா தையான்னு முடிவு பண்ணிக்கிடுவோம்.” ஆக எல்லாம் அவர்கள் வந்து பார்க்கிற அன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்பதில் இருந்தது. வயிற்றைக் கிழித்துத் தைத்துக் கிடக்கிற பொம்பளை எப்படி இருப்பாள், அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ராஜபாளையத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கட்டிகள் பெரிதாக இருந்ததால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலியைவிட முதலில் தெரிந்தது நாக்கு. காய்ந்து மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை. வலது கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கிவிட்டார்கள். வயரோடு ஒரு பொத்தான்.

மயக்க மருந்து கொடுத்த டாக்டர் என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்த பெண்ணாக இருப்பார். குனிந்து, காதுக்குப் பக்கத்தில் நிதானமாகச் சொன்னார்.

“அம்மா, இந்த மெஷின்ல மார்பின் இருக்கு. வலிக்குதுன்னா நீங்களே இந்தப் பட்டனை அமுக்குங்க. கொஞ்சூண்டு மருந்து நேரா ரத்தத்துல இறங்கும். ஒரு தடவை அமுக்கினா அதுக்கப்புறம் சில நிமிஷத்துக்கு மெஷின் பூட்டிக்கும். நீங்க எத்தனை தடவை அமுக்கினாலும் வராது. அதனால கூடிப்போயிருமோன்னு பயப்பட வேண்டாம்.”

தலையை ஆட்டினேன்.

“ஒரே ஒரு கண்டிஷன். நீங்க மட்டும்தான் அமுக்கணும். வீட்டுக்காரர் கூடாது, பொண்ணு கூடாது. உங்களுக்கு மருந்து போதும்னா தூக்கம் வந்துரும், தூங்குற கை அமுக்காது. அதுதான் பாதுகாப்பே. தூங்குறவங்களுக்குப் பாசத்துல வேற ஒருத்தர் அமுக்கிவிட்டா மூச்சு குறைஞ்சிரும்.”

என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, “பழக்கமாயிராதுங்களா டாக்டர்?” என்று கேட்டார். இப்படி அளந்து, ஆபரேஷனுக்குப் பின் கொஞ்ச நாள் மட்டும் கொடுப்பதில் அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டர் விளக்கினார். கணவருக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. வாய் கேட்டது ஒன்று, கண் போனது என் வயிற்றுக் கட்டின் மேல். நர்ஸ் போர்வையைச் சரிசெய்த இடைவெளியில் அந்தத் துணியின் நெசவை விரலால் தடவிப் பார்த்தார். அவர் சப்ளை செய்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதல் தடவை அமுக்கியபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம், மெஷினில் ஒரு முனகல். செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலி போனது என்று சொல்ல மாட்டேன். வலி அங்கேயேதான் இருந்தது, ஆனால் எழுந்து அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. என் வயது ஐம்பத்திரண்டு. என் கையால் அமுக்கி, எனக்கென்று ஒன்று உடனே வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் நான் மோட்டார் சுவிட்சைப் போட்டால் அது எல்லோருக்கும் தண்ணீர். குக்கரை வைத்தால் எல்லோருக்கும் சோறு. இந்தப் பொத்தானில் வருவதை யாருக்கும் பங்கு வைக்க முடியாது, டாக்டரே தடை போட்டிருக்கிறார். அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை, தையல் இழுத்தது.

மூக்கு நுனி அரித்தது, உடம்பு கனத்தது. ஆனால் மனசு இளகிப் போனது. கணவர் மேல், அவர் தம்பி மேல், தேதி குறித்த காலண்டர் மேல் இருந்த கோபமெல்லாம் கழன்று, எல்லோரும் பாவம் என்று பட்டது. தூங்கினேன். எத்தனை வருஷத்துத் தூக்கமோ தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஒருவர் படுத்துவிட்டால் பார்க்க வருவது கடமை. ஆர்லிக்ஸ் பாட்டில், ரஸ்க், ஆப்பிள், ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள். வருவதோடு அது முடிவதில்லை. வந்தவரை ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் கேட்க வேண்டும், ஒவ்வொருவரையும் முகம் பார்த்து, உறவுமுறை சொல்லிக் கேட்க வேண்டும். ‘வாங்க அண்ணாச்சி’, ‘வாங்க சித்தி’. பொதுவாக ஒரு ‘எல்லாரும் வாங்க’ போட்டால் அது நாலு பேரில் ஒருத்தருக்கும் சேராது. சோறு போடாவிட்டால்கூட மறந்துவிடுவார்கள், வாங்க என்று கேட்கவில்லை என்றால் பேரன் காலம்வரை வைத்திருப்பார்கள். எங்கள் உறவில் ரெண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் பேசுவதில்லை. ஒரு வீட்டுப் பால்காய்ப்பில் மற்ற வீட்டு மூத்த மருமகள் உள்ளே நுழைந்தபோது வீட்டுக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கியதைச் சாட்சிக்கு வைத்தும் எடுபடவில்லை.

இந்த ஊரில் நான் மார்பினோடு படுத்திருந்தேன். பெரிய சித்தப்பா மகன் குடும்பம் வந்தபோது தூங்கிவிட்டேன். அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, ரஸ்க் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்கள். போகிறபோது அந்த வீட்டு அம்மா என் மகளிடம், “பரவாயில்லட்டி, தூங்கட்டும். நாங்க வந்தோம்னு சொல்லு, அம்புட்டுத்தான்,” என்றார்களாம். அந்த ‘அம்புட்டுத்தான்’ எப்படிச் சொல்லப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். மகள் அதைச் சொன்ன உடனேயே எனக்கு மருந்து மயக்கம் தெளிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. நாளைக்குக் காலையில் வருகிறார்கள்.

மகள் என் தலைமுடியைச் சீவிவிட்டபடியே பாடம் நடத்தினாள். அவளுக்கும் கல்யாணம் தைக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. என்னை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

“அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். அவிய வரும்போது பட்டனை அமுக்கிட்டு கண்ணை மூடிக் கிட. நான் பேசிக்கிடுதேன். உன்னையப் பாத்தாலே அவியளே தைக்கு வச்சிருவாக.”

“சரிட்டி,” என்றேன்.

சரி என்றுதான் சொன்னேன். எவ்வளவு சுலபமான வேலை. தூங்கினால் போதும். தூங்குவதற்கென்றே ஒரு பொத்தானைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

காலையில் கண் விழித்ததிலிருந்து பொத்தானைத் தொடவில்லை. சம்பந்தியம்மா வாசலில் நிற்க, நான் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிற காட்சி மனசில் வந்து வந்து போனது. வாங்க என்று ஒரு வார்த்தை, படுத்தபடியே சொல்லிவிட்டு, அப்புறம் அமுக்கிக்கொள்வோம் என்று எனக்கு நானே ஒரு சமரசம் செய்துகொண்டேன். பத்து மணிக்கு வந்துவிடுவார்கள், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க முடியாதா.

பத்து மணிக்கு வரவில்லை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் நெரிந்தது. பஸ்களை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள், தேர் வீதியில் நிற்கிறது, அவர்கள் வீட்டுக்கும் விருந்தாட்கள் வந்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தகவல் வந்தது. “பன்னெண்டு ஆயிரும்.” பிறகு, “சாப்பிட்டுட்டுக் கெளம்புதோம்.” ஒவ்வொரு போனுக்கும் நான், இன்னும் செத்த நேரம்தானே என்று பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

அடுத்த அறைக்குப் போயிருந்த வலி திரும்பி வந்தது. வந்ததும் கோபமாக வந்தது. இருமல் எட்டிப் பார்த்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்வேன். காலை மடக்க முடியாது, நீட்டவும் முடியாது. மூச்சை மேலோடு மேலாக இழுத்து மேலோடு மேலாக விட்டேன். நர்ஸ் வந்து, “பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் வலி எம்புட்டும்மா?” என்று வழக்கம்போலக் கேட்டது. “மூணு,” என்றேன். நர்ஸ் எழுதிக்கொண்டு போனது. கோர்ட்டில் எத்தனை பேர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு யாரும் சத்தியம்கூட வாங்கவில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். முந்தின நாள் இரண்டு எழும்பின. அன்றைக்கு ஒன்றுகூட அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டாக்டர் உள்ளே வந்தார். பந்துகளைப் பார்த்தார், மெஷினில் எதையோ தட்டிப் பார்த்தார்.

“காலைல இருந்து ஒரு தடவைகூட அமுக்கலையே?”

“வலி இல்ல டாக்டர்.”

“அப்ப இழுங்க பார்ப்போம்.”

இழுத்தேன். பாதியில் நின்றது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “வலியைப் பொறுத்துக்கிட்டா யாரும் மெடல் குடுக்கப் போறதில்லம்மா. வலியோட கிடந்தா மூச்சை ஆழமா இழுக்க மாட்டீங்க. இழுக்கலைன்னா நெஞ்சுல சளி கட்டும், காய்ச்சல் வரும். நாளைக்கு உங்களை நடக்க வைக்கணும். அமுக்குங்க,” என்றார்.

“ஒருத்தவங்க பார்க்க வாராங்க டாக்டர். அவங்க வந்துட்டுப் போனதும் அமுக்கிடுறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெளியூர்ப் பெண். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது. மகள் ஓரமாக நின்று பல்லைக் கடித்தாள்.

வெயில் ஜன்னலைத் தாண்டிப் போன பிறகு வந்தார்கள். சம்பந்தியம்மா, அவர் கணவர், இரண்டே பேர்தான். கையில் பால்கோவா டப்பா. கஞ்சிக்குக்கூட எனக்கு இன்னும் அனுமதி வரவில்லை. என் கணவர் வராந்தாவிலிருந்தே, “வாங்க, வாங்க,” என்று அழைத்துக்கொண்டு வந்தார். கதவு திறந்தது.

அந்த நேரத்தில் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. முப்பது வருஷம் மருமகளாக இருந்த உடம்பு அது. ஆள் வருகிற சத்தம் கேட்டால் கை தானாக முந்தானையைத் தேடும். முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டேன். வயிற்றுக்குள் ஏதோ கிழிவதாகத் தோன்றியது, கிழியவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பறந்தது. அது அடங்குவதற்குள் வாய் வேலையைச் செய்துவிட்டது.

“வாங்க மதினி. வாங்கண்ணே. உக்காருங்க.”

“ஐயையோ, படுங்க மதினி. எதுக்கு எந்திரிக்கீக?”

“இருக்கட்டும். படுத்தே கிடந்து முதுகு வலிக்கு.”

“எப்படி இருக்கு இப்ப?”

“நல்லா இருக்கேன். ஒண்ணும் தெரியலை.”

மகள் சம்பந்தியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். படு, படு. நான் அவளிடம், “என்னட்டி நிக்க? அத்தைக்கும் மாமாவுக்கும் காபி வாங்கிட்டு வா,” என்று சொன்னேன். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டேன். தேர் நிலைக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். மாப்பிள்ளை போன் செய்தாரா, அங்கே குளிரா மழையா என்று கேட்டேன். சிரித்தேன்கூட. அவர் கணவர், “தங்கச்சி தெம்பாத்தான் இருக்கு,” என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. போர்வைக்குள் என் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடி யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தியம்மா மட்டும் அதிகம் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி குடித்தார்கள். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, “வாரோம் மதினி,” என்று எழுந்தார்கள். வாசல்வரை சிரித்த முகமாகவே இருந்தேன்.

கதவு சாத்தியதும் படுக்கத் தெரியவில்லை. எழுந்தது தானாக நடந்தது, படுப்பது நடக்கவில்லை. மகள் கழுத்துக்கும் முழங்காலுக்கும் கை கொடுத்துச் சாய்த்துவிட்டாள். 

என் கணவர் அவர்களை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு பாரம் இறங்கிய நடை.

“ஆவணியே இருக்கட்டும்னுட்டாக. தங்கச்சி இம்புட்டுத் தெளிவா இருக்கும்போது எதுக்குத் தள்ளி வைக்கன்னு அவரே சொல்லிட்டாரு. நாளைக்கு மண்டபத்துக்காரன்ட்ட உறுதி சொல்லிரணும்.”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாரைக் குறை சொல்ல முடியும். அவர்கள் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்றார்கள். பார்த்தார்கள், முடிவு செய்தார்கள். நான் காட்டியதைத்தானே பார்த்தார்கள். மரியாதை தவறாத சம்பந்தி என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. கூடவே ஆவணியும் கிடைத்தது.

மகள் அவளுடைய அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். “அம்மா, உண்மையச் சொல்லு. எம்புட்டு வலிக்கு?”

“பத்து,” என்றேன்.

என் கணவர் திடுக்கிட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே திடுக்கிட்டார். “அவிய இருக்கும்போது சிரிச்சிக்கிட்டுல்லா இருந்த?”

“சிரிச்சேன். வலிக்கலைன்னு அர்த்தமா?”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. முப்பது வருஷமாக என் முகத்தைப் பார்த்து என்னைத் தெரிந்துகொண்டதாக நம்பியவர். அந்த முகம் யாருக்காகத் தயாரானது என்று அவர் யோசித்ததே இல்லை, நானும் சொன்னதில்லை.

“பட்டனை அமுக்கும்மா மொதல்ல,” என்றாள் மகள்.

பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தேன். வைத்துவிட்டு நிறுத்தினேன். இதை அமுக்கினால் வலி அடங்கும், வலியோடு கோபமும் அடங்கும். ஆவணி நல்ல மாதம்தானே, எல்லோரும் பாவம்தானே என்று தோன்றிவிடும். தூங்கி எழுவேன், அதற்குள் மண்டபத்துக்கு உறுதி சொல்லியிருப்பார்கள். காலையிலிருந்து மற்றவர்களுக்காக அமுக்காமல் கிடந்தாயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம் எனக்காக அமுக்காமல் இருக்கலாம்.

“போனைப் போட்டு எங்கிட்டக் கொடு,” என்றேன் மகளிடம். “யாருக்கு?” என்றாள். “உன் மாமியாருக்கு.”

“எட்டி, வேண்டாம். பஸ்ல இருப்பாக,” என்றார் என் கணவர். மகள் ஏற்கனவே போட்டுவிட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே சம்பந்தியம்மா குரல் வந்தது.

“மதினி, நான்தான்,” என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “நான் நல்லா இல்ல. நீங்க வந்தப்ப வலியை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். வாங்கன்னு கேக்கணுமேன்னு காலைல இருந்து மருந்தே போட்டுக்கிடல. ஆவணிக்குள்ள எனக்கு முடியாது. தையில வைங்க. உங்ககிட்டக் கேக்கேன்.”

 லைன் போய்விட்டதோ என்று மகள் குனிந்து பார்த்தாள். என் கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் இதே ஆபரேசன்தான் மதினி,” என்றார் சம்பந்தியம்மா. குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் கணவர் இருந்திருக்க வேண்டும். “நாத்தனாருக்கு வளைகாப்பு வச்சிருந்தாக. ஆஸ்பத்திரில இருந்து வந்த மூணாம் நாளு பந்திக்குச் சோறு வடிச்சேன். ஒருத்தரும் தள்ளி வைக்கல.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

“நானும் கேக்கல,” என்றார். “கேக்கலாம்னே எனக்குத் தெரியல. நீங்க கேட்டுட்டீக. தையில வச்சுக்கிடுவோம். லீவுக்கு அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க மருந்தப் போட்டுட்டுத் தூங்குங்க.”

போன் நின்றது. என் கணவர் என்ன சொன்னாக, என்ன சொன்னாக என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள் அவருக்குச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வயிற்றைத் தைத்துக் கிடக்கிறவள் அழக் கூடாது, ஒவ்வொரு விம்மலும் நேராகத் தையலில் போய்க் குத்தும். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. எனக்குத் தை கிடைத்துவிட்டது. பச்சைப் புண்ணோடு சோற்றுப் பானையைச் சாய்த்து நின்றவளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவளுக்காகத்தான் அழுதேன்.